பகையில் தொடங்கிக் காதலில் முடியும் சோடிகள்: எந்தப் படம் உங்களை நம்ப வைத்தது?

கொழுந்துக்கூடை (அட்டன்) எழுதியது:

சனிக்கிழமை இரவு முழுவதும் மழை. அம்மாயிக்கு (என் அம்மாவின் அம்மா) உறக்கம் வரவில்லை. என் கைத்தொலைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து இருவரும் மிஸ்ஸியம்மா பார்த்தோம். 1955இல் வந்த படம். அம்மாயி பிறந்ததும் அதே ஆண்டுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படித்துப் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இருவர்: பாலுவாக ஜெமினி கணேசன், மேரியாக சாவித்திரி. ஒரு ஜமீன்தார் தன் ஊர்ப் பாடசாலைக்குக் கணவனும் மனைவியுமாக இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறார். மேரியின் குடும்பத்துக்கு ஒரு கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அவளையே மணக்கத் துடிக்கிறான். வேறு வழி தெரியாமல் இவர்கள் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள். அவள் கிறிஸ்தவப் பெண், அவன் இந்து. அவளுக்கு மூக்கின் மேல் கோபம். பொட்டு வைப்பதிலிருந்து பேச்சுத் தொனி வரை எல்லாமே சண்டைக்குக் காரணமாகிறது.

பாதிப் படத்தில் அம்மாயி சொன்னார்: "இந்தச் சண்டையைப் பார்க்க நன்றாயிருக்கிறது. வேலை போனால் இரண்டு பேருக்கும் பட்டினிதான். ஒருவர் சோற்றில் மற்றவர் கைவைக்க முடியாது."

அதன் பிறகு நான் படத்தை வேறு கண்ணால் பார்த்தேன். எதிரும் புதிருமாக நிற்கும் இருவர் காதலிக்கும் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அவற்றில் பலவற்றைப் பார்த்து முடிக்கும்போது நெஞ்சில் ஏதோ இடறும். என்ன இடறுகிறது என்று இதுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மாயி சொன்னதில் விடை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. சண்டை சமமானவர்களுக்குள் நடந்தால் அதிலிருந்து காதல் வருவதை நம்ப முடிகிறது. ஒருவர் கையில் மற்றவரின் பிழைப்பு இருந்தால், மேலே இருப்பவர் முதலில் எதையாவது இழக்க வேண்டும். இழந்த பிறகுதான் காதல் என்ற சொல்லை அவர் எடுக்கலாம். இழக்காமல் எடுத்தால் அது காதலாகத் தெரியவில்லை எனக்கு.

உங்களை நம்ப வைத்த படம் எது, நம்ப வைக்காத படம் எது? காரணத்தோடு எழுதுங்கள்.


பழைய டிக்கெட் (மாத்தளை) எழுதியது:

மகள், இந்தக் கேள்விக்கு மலையகத்தில் ஒரே பதில்தான் வரும். அன்பே வா.

1966. அந்தக் காலத்தில் மக்கள் திலகம் எம்.ஜி.ஆரின் படம் வந்தால் தேயிலைத் தோட்டத்தில் அரைப் பேரையாவது, அதாவது அரை நாள் கூலியையாவது, விட்டுவிட்டுப் போவார்கள். 1917இல் கண்டியில் பிறந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் அவரை வெளியூர்க்காரர் என்று எவரும் நினைத்ததில்லை. நான் எட்டு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். நடுவில் அப்பா களைத்துவிட்டார், சித்தப்பா தூக்கிக்கொண்டார்.

படத்தில் அவர்தான் ஜே.பி., பெரும் செல்வந்தர். ஓய்வு தேடி சிம்லாவில் உள்ள தன் சொந்த மாளிகைக்கு வருகிறார். அங்கே காவலுக்கு இருக்கும் நாகேஷ், முதலாளிக்குத் தெரியாமல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார். குடியிருப்பது கீதாவின் குடும்பம், கீதாவாக சரோஜாதேவி. உரிமையாளரே தன் வீட்டில் வாடகை கொடுத்துத் தங்குகிறார், யார் என்று சொல்லாமல். கீதா அவரைப் படுத்தும் பாடு கொஞ்சமா? அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே அந்தக் குடும்பம் பெட்டி படுக்கையோடு வெளியேறியிருக்கும். சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் "மேலே இருப்பவர் இறங்கி வருவது" இதைவிட வேறு எங்கே இருக்கிறது?


கொழுந்துக்கூடை எழுதியது:

ஐயா, அந்தப் படத்தை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். திரையில் பனி வரும்போதெல்லாம் நுவரெலியாவின் மார்கழி விடியல்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். தோட்டத்துத் துரை ஒருவர் ஒரு வாரத்துக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் வந்து தங்கினால், அவர் பங்களாவை இழந்தவரா? திறப்பு (சாவி) அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கீதாவுக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தை வெளியேற்றாமல் இருந்தது நல்ல குணம், மறுக்கவில்லை. என்றாலும் அவர் எதையும் இழக்கவில்லை. ஒளித்து வைத்தார், அவ்வளவுதான்.


பழைய டிக்கெட் எழுதியது:

திறப்பு பையில் இருந்தும் அதை எடுக்காமல் இருப்பது சிறிய காரியம் இல்லை, மகள். நான் பார்த்த துரைமார் எவரும் அப்படி இருந்ததில்லை.


நானுஓயா ரயில் எழுதியது:

என் படம் மௌன ராகம், 1986.

பகை என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும். திவ்யாவுக்குச் சந்திரகுமார் எதிரிதான். அவர் எந்தத் தீமையும் செய்யவில்லை. பெண் பார்க்க வந்தார், அவள் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியும் வீட்டார் வற்புறுத்தலில் திருமணம் நடந்துவிட்டது. டில்லியில் ஒரு வீடு, இரண்டு மனிதர்கள், ஒரு சொல் பேச்சில்லை. என்ன பரிசு வேண்டும் என்று அவர் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள்.

அவர் தொடுவதைப் பற்றி அவள் சொல்லும் ஒரு வசனம் எல்லோருக்கும் தெரியும்: கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்பாள். கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அங்கிருந்தவர்களுக்கு அது வெறும் உவமை. எனக்கு உடம்பு கூசியது. என் அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து திரும்பிய மாலைகளில் கம்பளிப்பூச்சி பட்ட முன்கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டுவார். தோல் தடித்துச் சிவந்து வரிவரியாய் இருக்கும். மயிர் உள்ளே இருக்கக்கூடாது என்று நான் சேலைத் தலைப்பால் மெதுவாக ஒற்றி எடுப்பேன். அடுத்த நாள் வரை எரிச்சல் இருக்கும். அந்தத் தழும்பைத் தெரிந்தவனுக்குத் திவ்யா எவ்வளவு பெரிய வார்த்தை சொல்கிறாள் என்பது புரியும்.

அதைக் கேட்டும் அவர் குரலை உயர்த்துவதில்லை. கட்டாயப்படுத்துவதில்லை. வக்கீலிடம் போகிறார். சட்டப்படி ஓர் ஆண்டு பொறுக்க வேண்டும் என்றதும் ஒரே கூரையின் கீழ் தள்ளியே வாழ்கிறார். கணவன் என்ற முறையில் ஊரும் உறவும் அவருக்குக் கொடுத்த அதிகாரம் முழுவதையும் கீழே வைத்துவிடுகிறார். கொழுந்துக்கூடை அக்கா, நீங்கள் சொன்ன அளவுகோலில் இதைவிடச் சரியாக நிற்கும் படம் தமிழில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் காயப்பட்டுக் கிடக்கும்போது அவள் மருந்து போடுவதால் காதல் வந்தது என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விவாகரத்துக்கு அவர் சம்மதித்த நாளிலேயே விதை விழுந்துவிட்டது, முளைக்கத்தான் நாளானது.

பல ஆண்டுகள் கழித்து, 2013இல், ராஜா ராணி ஏறக்குறைய இதே பாதையில் வந்தது. விருப்பமில்லாத திருமணம், இருவருக்கும் ஒரு பழைய காதல். நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் இருவரும் ஒருவரை ஒருவர் வதைக்கிறார்கள், பிறகு ஒருவர் கதையை மற்றவர் கேட்டு இரங்குகிறார்கள். இரக்கம் வேறு.


லயத்துச் சுவர் (பொகவந்தலாவையில் பிறந்து கொழும்பில் வேலை) எழுதியது:

நம்ப வைக்காத படத்தைப் பற்றி எழுதுகிறேன். யாரும் கோபிக்க வேண்டாம், நானும் அந்த நடிகரின் பெரிய இரசிகன்தான்.

மன்னன், 1992. எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்கு லயத்துக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து வீடியோ டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் படங்கு விரித்து உட்காருவோம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் மூன்று படம் முடிய விடிந்துவிடும். குளிருக்கு ஒரு கம்பளியின் கீழ் நாலு பிள்ளைகள்.

கதை தெரியும்தானே. விஜயசாந்தி பெரிய தொழிலதிபர், கர்வம் பிடித்தவர். ரஜினிகாந்த் அவரிடம் வேலை செய்யும் தொழிலாளி, பிறகு சங்கத் தலைவர். மோதல், அறை, பதிலுக்கு அறை, பிறகு திருமணம். முடிவில் அவர் நிர்வாகத்தை விட்டுவிட்டு வீட்டைக் கவனிக்கும் மனைவியாகிறார்.

நாயகன் அவரை அறையும் காட்சியில் பிரட்டுக்களமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், பத்து வயது. எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் இடையில் இருந்த சுவர் மெலிந்த சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். சம்பள நாள் இரவுகளில் வேறு சத்தமும் கேட்கும். அன்று மிக உரக்கக் கைதட்டியவர் அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர். அவர் மனைவி சற்றுத் தள்ளி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் கைதட்டவில்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, அந்த விரல்கள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன.

அடித்து அடக்கி, அடங்கியதைக் காதல் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர் முதலாளியம்மாவை மணந்துவிட்டால் தொழிலாளருக்கு என்ன நியாயம் கிடைத்தது? சங்கம் என்றால் என்ன என்று தெரிந்த ஊரிலிருந்து கேட்கிறேன்.


பழைய டிக்கெட் எழுதியது:

தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

இந்த வகைக் கதை மன்னனில் தொடங்கவில்லை. 1963இல் சிவாஜியும் பானுமதியும் நடித்த அறிவாளி வந்தது. ஷேக்ஸ்பியர் எழுதிய அடங்காத பெண்ணை அடக்கும் நாடகத்தின் தமிழ் வடிவம் அது. அடக்கப்படும் பெண்ணாகப் பானுமதி நடித்தார் என்பதே பெரிய வேடிக்கை. அவர் கண்ணில் அடங்கிய பார்வை கடைசிவரை வரவில்லை. பிறகு 1972இல் பட்டிக்காடா பட்டணமா. சிவாஜி கிராமத்துப் பெரிய மனிதர், ஜெயலலிதா நகரத்தில் படித்த பெண். தேசிய விருது பெற்ற படம். அரங்கில் நாங்கள் விசிலடித்த இடங்கள் எல்லாம் அந்தப் பெண் தலைகுனியும் இடங்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பிற்காலத்தில் என் மனைவி என்னோடு அந்தப் படத்தைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. பஸ் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

மகள், ஜே.பி. விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் கை ஓங்கவில்லை.


பதுளை வாசகி எழுதியது:

நீங்கள் எல்லோரும் சினிமாவோடு நிற்கிறீர்கள். இந்தக் கதை நம்மிடம் சினிமாவுக்கு வெகு முன்னரே இருக்கிறது.

முதலில் ஒரு சொல். நம் மொழியில் ஊடல் என்று ஒன்று இருக்கிறது. காதலித்தவர்கள், கூடி வாழ்பவர்கள் கொள்ளும் சிணுக்கம் அது. வள்ளுவர் அதற்கு அதிகாரங்களே ஒதுக்கினார்; குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகைதான். உணவில் உப்புப் போல அளவாக இருக்க வேண்டும், மிஞ்சினால் கெட்டுவிடும் என்று புலவி அதிகாரத்தில் சொல்கிறார். ஆனால் காதலுக்கு முன்னால் வரும் சண்டைக்கு நம்மிடம் தனிச் சொல் இல்லை. பகை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே படம் எடுப்பவர்கள் பலர் பகையை ஊடல் போலக் காட்டிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத பெண்ணை வழிமறித்துச் சீண்டுவது ஊடல் ஆகாது. ஊடுவதற்கு உரிமை வேண்டும். அந்த உரிமையை அவள் இன்னும் கொடுக்கவில்லை.

இனி கதைக்கு வருகிறேன். திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி. பாண்டியன் மகள், படை நடத்தித் திக்குகளை வென்றவள். கயிலை வரை போர் தொடுத்துப் போகிறாள். எதிரே சிவன் வருகிறார். அவரைக் கண்டதும் பிறவியிலேயே இருந்த அவளது மூன்றாவது தனம் மறைகிறது, நாணம் வருகிறது. போர்க்களத்தில் எதிரியாகக் கண்ட ஆணைக் காதலித்தவர்களில் எனக்குத் தெரிந்த முதல் நாயகி நம் மீனாட்சிதான். கொழுந்துக்கூடை கேட்பாள்: இங்கேயும் பெண்தானே மாறுகிறாள், அவர் எதை இழந்தார்? அடுத்த பகுதியைப் பாருங்கள். அவர் அவளைக் கயிலைக்குக் கூட்டிப் போகவில்லை. மதுரைக்கு வந்தார். பாம்பையும் சடையையும் விட்டுச் சுந்தரபாண்டியன் என்ற பெயரோடு அவள் ஊரில் இருந்தார். பிறந்த வீட்டை விட்டு வந்தவர் மாப்பிள்ளை.

அடுத்தது வள்ளி. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி விரட்டும் பெண். முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறார், அவள் விரட்டுகிறாள். கிழவராக வருகிறார், அதுவும் பலிக்கவில்லை. யானையை வரவழைத்துப் பயமுறுத்துகிறார். அந்த யானை எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. பாடசாலையில் வள்ளி திருமண நாடகம் போட்டபோது நான்தான் வள்ளி. யானை வரும் இடத்தில் அழ வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார், எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் கதிர்காமத்துக்குப் போய் நின்றபோது கதையின் மற்றப் பாதியைக் கண்டேன். ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் ஊர்வலம் எங்கே போகிறது? பெரிய கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்கு. அவர்தான் அவள் வாசலுக்குப் போகிறார். இராக்காலம், தீப்பந்தம், யானை, மேளம், ஆயிரக்கணக்கான சனம். என் பக்கத்தில் பண்டாரவளைப் பக்கத்து வயதான அம்மா ஒருவர் பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவர் போகிறார் பார், அவள் வரமாட்டாள்" என்று பேரப்பிள்ளைக்குக் காட்டினார். அந்தச் சொல்லில் எத்தனை பெருமை இருந்தது தெரியுமா?


தலவாக்கலைத் தம்பி எழுதியது:

பதுளை அக்கா எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது சிறிதாகத் தெரியும். ஆனாலும் தோட்டத்தை வைத்து ஒரு படம் இருக்கும்போது யாரும் அதைத் தொடாதது சரியில்லை. காதலிக்க நேரமில்லை, 1964.

அசோக் (ரவிச்சந்திரன்) எஸ்டேட்டில் வேலை செய்பவர். முதலாளி விசுவநாதனாக பாலையா. முதலாளியின் மகள்மாரோடு வழியில் ஒரு சண்டை, உடனே அவருக்கு வேலை போகிறது. அவர் என்ன செய்தார்? கெஞ்சவில்லை, ஊரை விட்டு ஓடவும் இல்லை. முதலாளி வீட்டு வாசலுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் போராடினார். அந்த வீட்டுப் பெண் நிர்மலா அங்கேதான் அவரை விரும்பத் தொடங்குகிறாள். எங்கள் தோட்டத்தில் வேலை நிறுத்தம் நடந்தபோது தொழிற்சாலை வாயிலில் இரண்டு வாரம் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பிறகு பார்த்தபோது சிரிப்பு வந்தாலும் ஓர் உரிமையும் வந்தது. நம்மைப் போல ஒருவன் வாசலில் உட்கார்ந்து காதலை வென்றான் என்று.

எனக்குப் பிடிக்காதது அதற்குப் பிறகு. பெரிய கோடீசுவரரின் மகன் என்று பொய் சொல்லித்தான் பெண்ணின் தகப்பனிடம் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது. நண்பனையே அப்பாவாக நடிக்க வைக்கிறார். நகைச்சுவை அபாரம், பாலையாவும் நாகேசும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஆனால் வேலை இழந்த அசோக்காகவே அவர் அந்த வீட்டுக்குள் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன்.

குஷியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பார்த்தாயா இல்லையா என்று ஒரு சண்டை, அதுவே படத்தின் பாதி. இருவரும் சமம், இருவருக்கும் வீம்பு. யாருடைய சோற்றிலும் யாரும் கைவைக்கவில்லை.


லயத்துச் சுவர் எழுதியது:

தம்பி, வாசலில் உட்கார்ந்து போராடியவன் என்று எழுதியது நல்ல பார்வை. நான் அதை இத்தனை நாள் வெறும் சிரிப்புப் படம் என்றே வைத்திருந்தேன்.

கொழுந்துக்கூடை, ஒன்று கேட்க வேண்டும். மேலே இருப்பவர் இழக்க வேண்டும் என்கிறீர்கள். காதலைப் பெறுவதற்காக ஒருவர் இழந்தால் அதுவும் ஒரு பேரம் ஆகிவிடாதா? நான் இதைக் கொடுத்தேன், நீ உன்னைக் கொடு என்று. நாயகன் வேலையை உதறுகிறான், சொத்தை உதறுகிறான், பிறகு பெண் மறுத்தால் நன்றி கெட்டவள் என்று வசனம் வருகிறது. அப்படியும் படங்கள் இருக்கின்றனவே.


கொழுந்துக்கூடை எழுதியது:

அண்ணா, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு அம்மாயியிடமே கேட்டேன். அவரும் தாத்தாவும் முதலில் பகை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழுக் கதையை அவர் இப்போதுதான் சொன்னார். சொல்லலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

1974. உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டிய காலம். அம்மாயிக்குப் பத்தொன்பது வயது. தாத்தா, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசு பிடிப்பவர். அவர் பாரத்தை உரத்துச் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதுவார். கூடைப் பாரம், ஈரப் பாரம் என்று ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு இறாத்தல் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது மேலிருந்து வந்த உத்தரவு. மழைக்காலத்தில் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாசி மாதம், ஒரு துளி மழை இல்லை, இலை சருகாய்க் கிடக்கிறது. அன்றும் இரண்டு குறைத்துச் சொன்னார். அம்மாயி தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். "இந்த வெயிலில் எந்த ஈரத்தைக் கண்டாய்?" என்று கேட்டுக் கூடையை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அந்தக் கூலி இல்லாமல் வீட்டில் மூன்று தம்பிமார் மரவள்ளிக் கிழங்கோடு படுத்தார்கள்.

அதிலிருந்து தாத்தா வரும் பாதையில் அம்மாயி போவதில்லை. பீலியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தால் இவர் குடத்தோடு தள்ளி நிற்பார். அவர் போன பிறகு பீலியடியை ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். எட்டு மாதம் இப்படி.

ஐப்பசியில் ஒரு நாள் தாத்தா உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினார். ஒருவருக்கு மட்டும் இல்லை, வரிசையில் நின்ற எல்லோருக்கும். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாராம், இவர் நிறுத்தவில்லை. மறுநாள் காலை பிரட்டில் அவர் பெயர் தராசுக்கு இல்லை. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். தராசு பிடித்த கைக்குக் கவ்வாத்துக் கத்தி பழக்கமில்லை. ஒரு வாரத்தில் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம்.

அப்போதே உங்களுக்கு மனம் இளகியதா என்று கேட்டேன். அம்மாயி என்னைக் கோபமாகப் பார்த்தார். "எட்டு மாதம் குறைத்துச் சொன்னதும் அதே வாய்தானே. ஒரு நாள் சரியாய்ச் சொன்னால் சரியாகிவிடுமா?" நேராகக் கவ்வாத்து மலைக்கே போய், இவ்வளவு நாள் குறைத்ததற்குக் கணக்குச் சொல் என்று கேட்டிருக்கிறார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து லயத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாசியில் அந்தச் சண்டை நடந்த மறுநாளிலிருந்து யாருக்கு எத்தனை இறாத்தல் குறைந்தது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாடசாலைப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நம்பாமல் வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னார். முப்பத்தொரு பெண்களின் பெயர்கள்.

கொப்பியைச் சங்கத் தலைவரிடம் கொண்டுபோனார்கள். பழைய காசு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் வெயில் காலத்தில் கழிப்பது நின்றது. அடுத்த தையில் திருமணம்.

லயத்துச் சுவர் அண்ணா, உங்கள் கேள்வியை அப்படியே அம்மாயியிடம் கேட்டேன். உங்களை அடைவதற்காகத்தானே தாத்தா வேலையை இழந்தார் என்று. அவர் சொன்னது: "அந்தக் கொப்பியில் என் பெயர் மட்டும் இருந்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்."


நானுஓயா ரயில் எழுதியது:

அக்கா, மௌன ராகத்தைப் பற்றி நான் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. சந்திரகுமார் விவாகரத்துக்குச் சம்மதித்தது அவளை வெல்வதற்காக இல்லை. அவள் கேட்டாள், அது நியாயம், கொடுத்தார். அந்தப் படத்தை எனக்கு ஏன் பிடிக்கிறது என்பது இப்போதுதான் தெளிவாகிறது.


பழைய டிக்கெட் எழுதியது:

1975இல் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த புதிய காற்று வந்தபோது, நம் மலை, நம் லயம், நம் முகம் திரையில் வருகிறது என்று நாங்கள் எல்லோரும் ஓடினோம். அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் குறும்படங்கள் எடுக்கிறார்கள். கொழுந்து மடுவமும் தராசும் உள்ள இந்தக் கதையை யாராவது எடுக்க வேண்டும். கதாநாயகி கூடையைக் கவிழ்க்கும் இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டுவேன், இந்த வயதிலும்.

மகள், அந்தக் கொப்பி இருக்கிறதா?


கொழுந்துக்கூடை எழுதியது:

இருக்கிறது ஐயா. டிரங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில். ஓரங்களை எலி கடித்திருக்கிறது. பென்சிலால் எழுதியதால் சில பக்கங்கள் மங்கிவிட்டன. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.

நேற்று இரவு அதை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக அம்மாயிக்கு வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பெண் எந்த லயம், யார் மகள், எந்த மலையில் நிரை பிடிப்பார், யார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார், யார் இன்னும் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழாவது பெயரில் உறங்கிவிட்டார். மிச்சத்தை இன்றிரவு வாசிக்க வேண்டும்.